பத்துப் பேர் முன்மொழிந்தார்கள்

அந்தத் தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள். அத்தனை வீட்டிலும் தேடினாலும் "முடியாது" என்று ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் நல்லவர்கள். எதைக் கேட்டாலும் "அதுக்கென்ன, செஞ்சுட்டாப் போச்சு" என்பார்கள். சொன்னவுடன் அவர்களுக்கே செய்து முடித்துவிட்ட திருப்தி வந்துவிடும். அதற்குப் பிறகு தனியாக வேறு செய்ய வேண்டுமா?

இந்தத் தெருவை நம்பித்தான் ஜெராக்ஸ் அக்கா கவுன்சிலர் தேர்தலில் நிற்கப் போனாள்.

தெருமுனையில் எட்டடிக்குப் பத்தடியில் நகல் கடை. இரண்டு இயந்திரங்கள், ஒரு லேமினேஷன் பெட்டி, முன்னால் கண்ணாடி பதித்த மேசை, மேசையின் ஓரத்தில் நூலால் கட்டிப்போட்ட பேனா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வணிகவியல் பட்டம் வாங்கிவிட்டு ஒரு தட்டச்சுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். அங்கே இயந்திரம் பழுதுபார்க்க வந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். தட்டச்சு இயந்திரங்கள் கட்டையில் போனதும் இருவரும் நகல் எடுக்கும் தொழிலுக்கு மாறினார்கள். அவர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டார், அவள் கடையைப் பார்த்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடம்.

அவளுக்குத் தொழிலில் ஒரு நெறி உண்டு. நகல் எடுக்க வரும் காகிதத்தைப் படிக்கமாட்டாள். கடை வைத்த முதல் வருடத்தில் ஒருவர் மருத்துவ அறிக்கை ஒன்றைக் கொண்டுவந்தார். நகல் எடுத்துக்கொடுத்துவிட்டு, "வீட்ல அவங்களுக்கு இப்ப எப்படியிருக்கு?" என்று அக்கறையாகக் கேட்டுவைத்தாள். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. மனைவிக்கே அதை அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அதோடு அவர் அந்தக் கடைப்பக்கம் வரவில்லை. அன்றிலிருந்து காகிதத்தை வாங்கியதும் கவிழ்த்துப் பிடிப்பாள். ஓரங்களை மட்டும் பார்ப்பாள். நேராக இருக்கிறதா, வெட்டுப்படாமல் வருமா, அவ்வளவுதான். வீட்டுப் பத்திரம், விவாகரத்து மனு, பிள்ளைகளின் மதிப்பெண் என்று தெருவின் வண்டவாளம் முழுக்க அவள் கைவழியாகப் போயிற்று. ஒரு வரி அவளுக்குத் தெரியாது.

படிக்காமலிருப்பதை அவள் ஒரு நெறியாக வைத்திருந்தாள். தெருவுக்கு அது சோம்பேறித்தனம். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் மாதம் ஒரு மனு எழுதுவார். சாக்கடைக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. அதை அக்காவின் மேசையில் வைத்துவிட்டுப் போவார். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்த நூல் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். என்ன மனு, யாருக்கு மனு என்று பார்க்கிற வழக்கம் கிடையாது. ஒருமுறை அக்காவின் நாத்தனார் தன் மாத்திரைப் பட்டியலை எழுதி மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வருவதற்குள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவர் கீழே தேதியும் போட்டிருந்தார்.

"பொறுப்பான மனுஷன்" என்றாள் நாத்தனார்.

நாத்தனார் அக்காவின் கணவருக்கு மூத்தவள். கட்டிக்கொண்ட ஆள் சரியில்லை என்று முப்பது வருடத்துக்கு முன் ஒரு பெட்டியோடு வந்தவள், பெட்டியைக்கூட முழுக்கப் பிரிக்காமல் தங்கிவிட்டாள். லேமினேஷன் பெட்டி அவள் பொறுப்பு. வாயும் அதே சூடு.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு, சாப்பிட்டுவிட்டு எழுந்த அக்காவின் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வீடு தெருவின் உள்கோடியில். அதற்கப்பால் சுவர். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. தெருமுனை வரை வந்துவிட்டது. அதற்கு மேல் வரமுடியவில்லை. இரண்டு பக்கமும் கார்கள். நடுவில் ஒரு ஸ்கூட்டர் போகும் இடம். ஓட்டுநர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். முதல் கார் ஓய்வுபெற்ற பேங்க்காரருடையது; அவர் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். இரண்டாவது செயலாளருடையது, சாவி மகனிடம், மகன் சினிமாவில். மூன்றாவது காரின் சொந்தக்காரர் மட்டும் வெளியே வந்தார். தணிக்கை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் தெருவில் அவருக்குக் கேள்வித்தாள் என்று பெயர்.

"யாருக்கு? எந்த வீடு?" என்று ஓட்டுநரிடம் கேட்டார். சொன்னார்கள். "முன்னால இருக்கிற ரெண்டையும் எடுத்தா நானும் எடுக்கிறேன். அது ரெண்டும் நிக்கும்போது நான் எடுத்து என்ன ஆகப்போவுது?"

சரியான கணக்கு. அந்தச் சரியான கணக்கோடு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளே அக்காவின் கணவருக்கு ஹாரன் சத்தம் கேட்டது. "வந்துடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றாள்.

கடைசியில் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார்கள். பத்தொன்பது நிமிடம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "கொஞ்சம் முன்னால கொண்டு வந்திருக்கலாம்" என்றார்.

தெரு முழுக்க மாலையோடு வந்தது. பேங்க்காரர் விம்மி விம்மி அழுதார். அவரைத் தேற்றவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. செயலாளர், "எதுன்னாலும் சொல்லுங்க அக்கா, கூடப்பிறந்தவன் மாதிரி நான் இருக்கேன்" என்றார். எல்லாரும் அதையே சொன்னார்கள். கேள்வித்தாள் மட்டும் வரவில்லை.

பதினைந்து நாள் கழித்து அக்கா சொன்னாள். அவர்கள்தானே சொல்லச் சொன்னார்கள்? வீடுவீடாகப் போய், காரைத் தெருவில் நிறுத்தாமல் உள்ளே நிறுத்துங்கள் என்று கேட்டாள். எல்லா வீட்டிலும் கார் நிறுத்த இடம் இருக்கிறது. கட்டட வரைபடத்தில் இருக்கிறது. பேங்க்காரர் வீட்டு இடத்தில் நின்ற இடத்திலேயே ஓடுகிற உடற்பயிற்சி இயந்திரம் ஒன்று கிடந்தது. வாங்கியது உடம்பைக் குறைக்க, இப்போது ஈரத்துணி காயப்போட. செயலாளர் வீட்டில் பழைய சோபா, அதன்மேல் இன்னொரு பழைய சோபா. கேள்வித்தாள் அந்த இடத்தைத் தடுத்து அறையாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்.

"அதுக்கென்ன அக்கா, எடுத்துட்டாப் போச்சு" என்றார் பேங்க்காரர்.

"இந்த வாரமே" என்றார் செயலாளர்.

கேள்வித்தாள் மட்டும் "முடியாது" என்று கதவைச் சாத்தினார். அக்கா அவரை அன்று வெறுத்த அளவுக்கு யாரையும் வெறுத்ததில்லை. மற்ற நாற்பது வீட்டையும் நம்பினாள். நாலு மாதம் நம்பினாள். ஒரு சோபாகூட நகரவில்லை.

பிறகு அவளே ஒரு மனு எழுதி மேசையில் வைத்தாள். 'எங்கள் தெருவில் கார்களை நிறுத்தத் தடை விதித்து, நிறுத்தப்பட்ட கார்களை அகற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம்.' முப்பத்தெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். பேங்க்காரர் மூன்றாவது. செயலாளர் ஏழாவது. தங்கள் காரைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லித் தாங்களே எழுதிக்கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். அதை எடுத்துக்கொண்டு கவுன்சிலரிடம் போனாள். கவுன்சிலர் இரண்டு முறை தொடர்ந்து ஜெயித்தவர். மனுவைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டவங்க காரையே நான் தூக்கினா, அடுத்த தடவை எனக்கு யாரும்மா ஓட்டுப் போடுவாங்க? உங்களுக்குள்ள பேசித் தீர்த்துக்கங்க."

"வார்டு கூட்டத்துல ஒரு தீர்மானம் போட்டாப் போதும்னாங்க."

"போதும்தான். கவுன்சிலர் போடணும். நீங்க கவுன்சிலர் ஆனா போடுங்க."

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். அக்காவுக்கு வேடிக்கை செய்கிற மனநிலை இல்லை. ஒரு தீர்மானம். ஐந்து வருடப் பதவியில் அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரே ஒரு தீர்மானம்தான்.

"நீயா? தேர்தலா?" என்றாள் நாத்தனார். "சண்டைன்னா கதவைச் சாத்திக்கிட்டு அழறவ நீ. நான் நின்னாலாவது நாலு பேரை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பேன்."

"உங்களுக்கு யாரும் ஓட்டுப் போடமாட்டாங்க அண்ணி."

"உனக்கு மட்டும் போட்டுக் கிழிச்சிடுவாங்க."

விண்ணப்பம் வாங்கி வந்தாள். வார்டைச் சேர்ந்த பத்து வாக்காளர்கள் முன்மொழிந்து கையெழுத்திட வேண்டும். பத்துப் பேரா, பெரிய விஷயமா? அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில்தான் கையெழுத்து வாங்கினாள். விண்ணப்பத்தை மேசையில் வைத்தாள். ஆனால் இந்த முறை ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொன்னாள். "நான் எலெக்‌ஷன்ல நிக்கறேன், முன்மொழியணும்." பேங்க்காரர் நெகிழ்ந்துபோனார். "நீங்க நிக்காம வேற யாரு அக்கா நிக்கறது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டார். செயலாளர் போட்டார். டியூஷன் டீச்சர் போட்டாள். நாத்தனாரும் போட்டாள். ஒரு மணி நேரத்தில் பத்தும் நிரம்பிவிட்டது. அன்று சாயங்காலம் அக்கா ஒரு வருடத்தில் முதல்முறையாகக் கடைக்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள் என்று நாத்தனார் பிற்பாடு சொன்னாள்.

மறுநாள் வேட்புமனுவுக்குக் கடைசி நாள். காலை பதினொன்றரைக்கு வார்டு அலுவலகத்தில் கொடுத்தாள். அங்கே ஒரு பெண் ஊழியர் பெயர்களை ஒவ்வொன்றாக இன்னொரு தாளோடு ஒத்துப்பார்த்தாள். பென்சிலால் ஒரு கோடு. இன்னொரு கோடு. ஆறு கோடு விழுந்தது.

"அக்கா, இதுல ஆறு பேரு கவுன்சிலரையும் முன்மொழிஞ்சிருக்காங்க. ஒருத்தர் ஒருத்தரைத்தான் முன்மொழியலாம். ரெண்டு இடத்துல போட்டா முதல்ல வந்த மனுவுலதான் செல்லும். அவர் பத்தரைக்கே குடுத்துட்டுப் போயிட்டாரு."

"எந்த ஆறு பேரு?"

ஊழியர் கவுன்சிலரின் மனு நகலைத் திருப்பிக் காட்டினாள். அக்கா முதலில் பார்த்தது பெயர்களை அல்ல. வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. அவள் கடையின் பழைய இயந்திரம் போடுகிற கோடு. உருளையில் இருக்கிற கீறல் அது. சரிபண்ணவேண்டிய ஆள் போய்விட்டதால் அப்படியே இருந்தது.

நினைவுக்கு வந்தது. முந்தாநாள் கவுன்சிலரின் ஆள் ஒருவன் கடைக்கு வந்தான். "பேனா குடுங்க அக்கா" என்று அவள் மேசையிலேயே ஒரு தாளை விரித்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றான். வந்தவர்கள் எல்லாரும் போட்டுவிட்டுப் போனார்கள். சங்கத்து மனு என்று நினைத்தாள். பிறகு அவன் மூன்று நகல் கேட்டான். வாங்கிக் கவிழ்த்து வைத்து எடுத்துக்கொடுத்தாள். ஓரமெல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்துக் கொடுத்தாள்.

"மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு" என்றாள் ஊழியர். "மீதி நாலும் செல்லும். ஆறு புதுக் கையெழுத்து கொண்டுவாங்க. வேற யாருக்கும் போடாதவங்களா பாருங்க."

அக்கா முதலில் போனது பேங்க்காரர் வீட்டுக்கு. அது தேவையே இல்லாத வேலை. அவர் கையெழுத்து இனி உதவாது. ஆனாலும் போனாள்.

"ரெண்டு பேருக்கும் போட்டா என்ன அக்கா?" என்றார் அவர் உண்மையாகவே புரியாமல். "அவரும் நமக்கு வேண்டியவரு, நீங்களும் நமக்கு வேண்டியவங்க. ஒருத்தருக்குப் போட்டு ஒருத்தருக்குப் போடலைன்னா மனசு கஷ்டப்படாதா?"

செயலாளர் வாசலிலேயே மடக்கினார். "சங்கம் எல்லாருக்கும் பொது அக்கா. நான் நடுநிலை. ரெண்டுலயும் கையெழுத்து இருந்தாத்தானே நடுநிலை?"

டியூஷன் டீச்சருக்குக் கொஞ்சம் வெட்கமாவது இருந்தது. வெட்கம் வந்தவர்கள் செய்கிறதைச் செய்தாள், கோபப்பட்டாள். "மேசையில இருந்துச்சு, போட்டேன். அது உங்க மேசைதானே அக்கா? நீங்க பாத்திருக்கணும்."

அந்தத் தெருவில் அன்று அவளிடம் பேசியவர்களில் நியாயம் பேசியது டியூஷன் டீச்சர்தான். அதற்காக அவளை மன்னிக்கவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

"அவங்க வாசல்ல நின்னு ஒப்பாரி வெச்சது போதும்" என்று நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள். "கையெழுத்துப் போடாதவன் யாருன்னு யோசி."

கையெழுத்துப் போடாதவர்கள் யார்? மற்ற வீட்டுக்காரர்கள் ஆபீஸில். மிச்சம் கடைக்கு வராதவர்கள். நகல் எடுக்க எந்தக் காகிதமும் இல்லாதவர்கள். வீடுகளின் பின்பக்கத்து அறைகளில், மொட்டைமாடிக் கொட்டகைகளில் இருப்பவர்கள். பன்னிரண்டே காலுக்கு ஆரம்பித்தார்கள். இரவுப்பணி முடிந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு நர்ஸை எழுப்பினார்கள். இஸ்திரி வண்டிக்காரரும் அவர் மனைவியும் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்கள். அக்கா முழுவதையும் வாசித்துக் காட்டினாள். பிறகுதான் போட்டார்கள். டியூஷன் டீச்சர் வீட்டில் கூட்டிப் பெருக்குகிறவள் போட்டாள். மாடியறையில் இருந்த பஸ் கண்டக்டர் பேனாவை வாங்கிவிட்டு உடனே போடவில்லை.

"பன்னண்டு வருஷமா இங்க இருக்கேன். நீங்க வீடுவீடாப் போய் கார் விஷயம் பேசினப்பகூட என் கதவைத் தட்டலையே?"

"உங்ககிட்ட கார் இல்லியே" என்றாள் அக்கா.

"ஓட்டு இருக்கு பாத்தீங்களா" என்று கையெழுத்துப் போட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்காவுக்கு அது செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. பேங்க்காரரைப் பற்றி அவள் நினைத்ததை இவர் அவளைப் பற்றி நினைக்க உரிமை உண்டு என்று தோன்றியது.

ஐந்து. மணி இரண்டேகால். ஆறாவது ஆளுக்காக இரண்டு மாடி ஏறி இறங்கினார்கள். ஒருவருக்கு வேறு வார்டில் ஓட்டு. ஒருவர் ஊரில் இல்லை. வழியில் யாராவது அகப்படமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இரண்டே முக்காலுக்கு வார்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள்.

வரி கட்டும் ஜன்னலில் ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ரசீதில் காசுக்கணக்கை ஏன் முழு ரூபாயாக்கினாய், யார் அதிகாரம் கொடுத்தது என்று. கேள்வித்தாள்.

"இவன் நம்ம வார்டுல ஓட்டு உள்ளவன்" என்றாள் நாத்தனார்.

"அவர்கிட்ட நான் கேக்கமாட்டேன்."

"ஏன்? உன் கௌரவத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?"

அக்கா போய் அவர் முன் தாளை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். திருப்பினார். பின்பக்கத்து விதிகளைப் படித்தார். அடியில் அச்சகத்தின் பெயரைப் படித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாத்தனார் பல்லைக் கடித்தாள்.

"எதுக்கு நிக்கிற?" என்றார்.

"தெருவுல வண்டி நிறுத்தக் கூடாதுன்னு தீர்மானம் போட."

"என் வண்டி?"

அக்கா தாளின் ஓரத்தைப் பார்த்தாள்.

"இங்க பாரு. நீ ஜெயிச்சாலும் தோத்தாலும் எனக்கு ஒண்ணுதான். அந்தக் கவுன்சிலரையும் எனக்குப் பிடிக்காது. என் வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு, போட்டுட்டுப் போறேன்."

"சொல்லித் தொலையேன்டி" என்று நாத்தனார் பின்னாலிருந்து இடுப்பைக் கிள்ளினாள்.

சொல்வதற்கு என்ன? நாக்கின் நுனியிலேயே இருந்தது. அதுக்கென்ன, பாத்துக்கலாம். தெரு முழுக்க ஒரு வருடமாக அவளுக்குக் கற்றுக்கொடுத்த சொல். பேங்க்காரர் குரலிலேயே அவளுக்கு அது கேட்டது, அந்த ஈரத்தோடு, அந்த நெகிழ்ச்சியோடு. வாயைத் திறந்தாள்.

"முதல்ல உங்க வண்டியைத்தான் தூக்குவேன்" என்றாள்.

அவர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. கூட்டிப் பார்த்து விடை சரியாக வந்ததுபோல் தலையாட்டிவிட்டுத் தாளை நாலாக மடிக்காமல், கசங்காமல், திருப்பிக் கொடுத்தார். "அப்ப நான் எதுக்குப் போடணும்?"

"போடவேண்டாம்."

"அன்னிக்கு நான் மூணாவதா நின்னேன்" என்றார், கேட்காமலே. "முதல் ரெண்டும் நகரலை."

"உங்க வண்டி நகர்ந்திருந்தா, எங்க வீட்டுக்காரர் காதுல ஒரு வண்டி எடுக்கிற சத்தமாவது விழுந்திருக்கும்" என்றாள் அக்கா.

அவர் மறுபடியும் வரி ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டார். ஆனால் சத்தம் போடவில்லை.

மூன்று மணிக்கு ஊழியர் புத்தகத்தில் கோடு கிழித்தாள். ஒரு கையெழுத்துக் குறைவு. நாலரை மணிக்கு அதிகாரி வெளியே வந்து, தகுதியான மனு ஒன்றே ஒன்று என்பதால் தற்போதைய கவுன்சிலரே போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று வாசித்தார். வாசலில் பட்டாசு ஏற்கெனவே தயாராக இருந்தது.

"பொய் சொல்லத் தெரியாதவளுக்கு எதுக்குடி தேர்தல்?" என்று வழிநெடுக நாத்தனார் திட்டிக்கொண்டே வந்தாள். "ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. ஜெயிச்சதுக்கப்புறம் தூக்கிட்டுப் போயிருக்கலாம்ல? அந்த ஆளு என்ன பத்திரமா எழுதிக் கேட்டான்?" கொஞ்ச தூரம் போனதும் குரல் இறங்கிற்று. "என் தம்பியும் இப்படித்தான். ஒண்ணுக்கும் உதவாத நாக்கு."

கடை வாசலில் தெரு காத்திருந்தது. ஆறுதல் சொல்ல. பேங்க்காரருக்கு மறுபடியும் கண் கலங்கியிருந்தது. "அடுத்த தடவை உங்களுக்கு மட்டும்தான் அக்கா" என்றார். டியூஷன் டீச்சர் ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தாள். செயலாளர் அங்கே நிலைகொள்ளாமல் வாட்சைப் பார்த்தபடி இருந்தார். உள்கோடியில் சங்கத்து அறையில் கவுன்சிலருக்குச் சால்வை போட ஏற்பாடு செய்திருந்தார். நடுநிலைதான். அக்கா ஜெயித்திருந்தால் அதே சால்வை அவளுக்கு.

ஆறு மணி வாக்கில் தெருமுனையில் ஒலிபெருக்கி கேட்டது. திறந்த ஜீப்பில் கவுன்சிலர், கழுத்து தெரியாமல் மாலை. ஜீப் திரும்பி, பேங்க்காரரின் கார் முன் நின்றது. ஓட்டுநர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

ஒரே ஒருமுறை.

பேங்க்காரர் அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. செயலாளரின் மகன் பனியனோடு வந்து காரை எடுத்தான். வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. "எடுப்பா, எடுப்பா, தலைவரு நிக்கறாரு." பின்னோக்கி வந்த கார்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு, கையசைத்து, சிரித்து, வரிசையாக வெளியே போயின. டீ ஆறுவதற்குள் தெரு சுத்தமாகக் காலியாகிவிட்டது. இந்த முனையில் நின்றால் அந்தக் கோடிச் சுவர் தெரிந்தது. அக்காவின் வீட்டு வாசல் தெரிந்தது. இரண்டு ஜீப் பக்கத்தில் பக்கத்தில் போகலாம் அவ்வளவு அகலம்.

ஜீப் உள்ளே போயிற்று. சால்வை விழுந்தது. ஜீப் திரும்பி வெளியே போயிற்று. இவை நடந்துகொண்டிருந்தபோது அக்கா கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கடைக்குள் போய், வாடிக்கையாளர்கள் உட்காரும் மரப்பெஞ்சை ஒரு முனையில் பிடித்து இழுத்தாள். நாத்தனார் ஒரு நொடி பார்த்தாள். மறுமுனையைத் தூக்கினாள். பெஞ்சைத் தெருமுனையில் நட்டநடுவில் குறுக்காகப் போட்டார்கள். அக்கா அதில் உட்கார்ந்தாள். நாத்தனாரும் உட்கார்ந்து, டீச்சரின் ஃபிளாஸ்கைத் திறந்தாள்.

கார்கள் திரும்பி வந்தன. பேங்க்காரரின் கார் முன்னால். கண்ணாடியை இறக்கி, "அக்கா, கொஞ்சம் நகந்துக்கிட்டீங்கன்னா…" என்றார்.

"அதுக்கென்ன, நகந்துட்டாப் போச்சு" என்றாள் அக்கா. நகரவில்லை.

பின்னால் செயலாளர் இறங்கி வந்தார். அதற்குப் பின்னால் நாலைந்து ஹாரன்கள். கடைசியில் நின்றது கேள்வித்தாளின் கார். அவர் இறங்கி வரிசையைக் கடந்து நடந்து வந்து பெஞ்சைப் பார்த்தார்.

"எப்ப எழுந்திருப்ப?"

"எழுந்திருக்கறதா இல்ல."

அவர் பெஞ்சுக்கு இரண்டு பக்கமும் மிச்சமிருந்த இடத்தைக் கண்ணாலேயே அளந்தார். பிறகு திரும்பிப் போய்க் காரை எடுத்துக்கொண்டு, பெரிய சாலையில் பெட்டிக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பூட்டிவிட்டு, கையில் சாவியோடு அவர்களைக் கடந்து வீட்டுக்கு நடந்து போனார்.

"இது என்ன அக்கா, இப்படிப் பண்றீங்க?" என்றார் செயலாளர். "எல்லாரும் ஆபீஸ் விட்டு வர்ற நேரம். உங்களுக்குக் கடை இல்லையா, வேலை இல்லையா?"

"எனக்கு என்னங்க வேலை?" என்றாள் அக்கா. "நானா கவுன்சிலர்? ஏதாவது குறைன்னா அவருக்கு ஒரு மனு எழுதுங்க."

நாத்தனார் தன் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீயை ஊற்றிக்கொண்டாள்.